திங்கட்கிழமைக்கு ஓர் ஊர்

நைனா,

நேற்று அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றுவதற்காகச் சித்தூருக்குப் போனேன். பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அந்த வாடை வந்துவிட்டது. மாம்பழக்கூழ் யூனிட்டுகளுக்குப் பின்னால் மலையாகக் கொட்டி வைத்திருக்கும் தோலும் கொட்டையும் வெயிலில் புளித்து எழும் வாடை. பக்கத்து சீட்டில் இருந்தவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். சீசன் மாதங்களில் உன் சட்டையிலும் துண்டிலும் சாப்பாட்டு டப்பாவிலும் இருந்த வாடை அது. நீ இல்லாமல் ஒரு சீசன் வந்துவிட்டது. தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் போன வருஷம் போலவே ரோட்டோரம் வரிசை கட்டி நின்றன. யாருக்காகவும் எதுவும் நிற்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது.

உனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. சீசன் தொடங்கினால் யூனிட்டின் தகரக் கொட்டகையிலேயே படுக்கை. மழை பெய்தால் வேலை, காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலை. சீசன் முடிந்தால் கரும்பு வெட்டு, கடலைக்காய் பறிப்பு. வேலை இல்லாத நாள் உனக்கு லீவு நாள் இல்லை, பட்டினி நாள். அதனால்தானோ என்னவோ, திருப்பதி காலேஜிலிருந்து நான் போன் செய்து, “ஜெர்மனில இன்டர்ன்ஷிப் கெடச்சிருக்குது நைனா, ஆறு மாசம்” என்று சொன்னபோது நீ சம்பளம் பற்றிக் கேட்கவில்லை.

“அங்க லீவு எப்ப உடுவானுங்க?” என்று கேட்டாய்.

“சனிக்கெழம, ஞாயித்துக்கெழம ரெண்டும் லீவுதான். வீக்கெண்ட்.”

“ரெண்டு நாளுமா? வாராவாரமா?”

“வாராவாரம்.”

“கூலி புடிக்க மாட்டானுங்களா?”

“மாட்டாங்க.”

நீ யாரிடமோ திரும்பி, “வாரத்துல ரெண்டு நாளு சும்மா உடுறானாம்டா” என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் ஒருவர், “பொய்யி” என்றார்.

நான் கிளம்பும்போது நீ சொன்னது ஒன்றுதான். “அந்த ரெண்டு நாளும் ரூம்ல குந்திக்கினு இருக்காத பாப்பா. கரண்டு வரும்போதே மோட்டார போட்டுக்கணும். எங்கனா போ. போயிட்டு வந்து எங்கிட்ட சொல்லு.”

நான் போய் இறங்கியது குளிர்காலம். சின்ன ஊர். சாப்பாட்டுப் பொருட்களை பாக்கெட்டில் அடைக்கும் மிஷின்கள் செய்கிற கம்பெனி. மிஷின் ஒட்டிய பாக்கெட்டுகளை அழுத்தியும் சூடாக்கியும் எங்கே பிரிகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. காலையில் இருட்டில் போய், மாலையில் இருட்டில் வருவேன். எங்கள் பிரிவின் மேலாளர் அம்மா வெள்ளிக்கிழமை மதியமே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் உட்கார்ந்தே இருந்தால் வந்து விளக்கை அணைத்துவிட்டு, “போ, திங்கட்கிழமை பார்க்கலாம்” என்பார். முதல் தடவை எனக்குப் பயமாக இருந்தது. வேலை சரியில்லை என்று துரத்துகிறாரோ என்று நினைத்தேன். போனில் சொன்னபோது நீ அப்படிச் சிரித்தாய். “எங்க மேஸ்திரிய ஒரு தபா அங்க அனுப்பி வைக்கணும்” என்றாய்.

அங்கே ரயிலுக்கு ஒரு மாதச் சீட்டு உண்டு. வேகமான ரயிலில் ஏற முடியாது. ஊர் ஊராக நின்று போகும் ரயிலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். முதல் பயணம் தெலுங்குப் பிள்ளைகளோடு போனேன். எங்கள் கம்பெனியிலேயே வேலை பழக வந்தவர்கள், ஒருத்தி திருப்பதிக்காரி. ஏரி ஒன்று கண்ணாடியாக உறைந்திருந்தது. அதன் மேல் நடந்தோம், வழுக்கி விழுந்தோம், ஒரே டப்பாவில் எலுமிச்சை சாதம் தின்றோம். திரும்பும் ரயிலில் அந்தத் திருப்பதிக்காரி என் தோளில் சாய்ந்தபடியே, “மீரேமிட்லு?” என்று கேட்டாள். உனக்கு அந்தக் கேள்வி தெரியும். என்ன ஜாதி என்பதை நம் பக்கம் அப்படித்தான் மரியாதையாகக் கேட்பார்கள். நான் சொன்னேன். அவள் தோளிலிருந்து தலையை எடுத்தாள். தூக்கம் கலைந்தவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடுத்த வாரம் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இத்தனை ஆயிரம் மைல் பறந்து போயும் காலனித் தெருவைச் சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் விரிக்கிறார்கள் என்று உன்னிடம் கத்தினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பதில் சொன்னியா?” என்றாய்.

“சொன்னேன்.”

“நேரா சொன்னியா, முழுங்கி முழுங்கி சொன்னியா?”

“நேராத்தான் சொன்னேன்.”

“அப்பறம் இன்னா? தனியா போ. ரயிலு டிக்கெட்டு குடுக்கறவன் அத கேக்க மாட்டான்.”

தனியாகப் போனேன். திராட்சைத் தோட்டம் போட்ட குன்றுகள், கூரை இழந்த கோட்டை, படகில் கடந்த ஓர் ஆறு. ஞாயிறு மாலை உன் சாப்பாட்டு நேரத்துக்குப் போன் வரும். எத்தனை ரயில் மாறினாய், வழியில் யாரைப் பார்த்தாய், என்ன தின்றாய், மாடு இருந்ததா, ஆடு எப்படி இருந்தது என்று கேட்பாய். அந்த ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டில் இந்திய மாம்பழச் சாறு என்று ஒரு பாட்டிலைப் பார்த்துச் சொன்னேன். “எங்க யூனிட்டுதா பாரு” என்றாய். அதில் யூனிட் பெயரெல்லாம் போடவில்லை என்றேன். “மோந்து பாரு, தெரியும்” என்றாய். வாங்கி மோந்து பார்த்தேன். வெறும் சர்க்கரை வாடை. நீ சுமந்த பழம் டிரம்மில் ஏறிக் கப்பலில் கடல் தாண்டியது. சுமந்த நீ வேலூரைத் தாண்டியதில்லை. அன்றைக்கு இதை உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரித்திருப்பாய்.

எல்லா வாரமும் போக முடியவில்லை. அறை வாடகைக்குப் போதாமல் சனிக்கிழமைகளில் ஓர் இந்திய ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். வசந்த காலத்தில் அறிக்கை எழுதும் வேலை கழுத்தைப் பிடித்தது. விளக்கை அணைத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன, லேப்டாப் வீட்டுக்கும் வந்தது. ஞாயிறு முழுக்க எண்களைச் சரிபார்த்துவிட்டு உன்னோடு பேசும்போது எனக்கு வாய் திறக்கக்கூட தெம்பிருக்காது.

“எங்க போன?”

“எங்கயும் போவல நைனா. வேல.”

“ஒரு எடத்துக்கும் போவலயா?”

“போவலன்றேன் இல்ல.”

“செரி செரி. துன்னுட்டுப் படு” என்பாய். குரல் இறங்கிவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும். என் பயணங்கள் உனக்கு எதற்கு இவ்வளவு முக்கியம் என்று புரியவில்லை. மூன்று நான்கு வாரம் தொடர்ந்து அப்படிப் போனது.

பிறகு கோடை வந்தது. அறிக்கை முடிந்த சனிக்கிழமை, விடியற்காலை முதல் ரயிலில் தெற்கே ஒரு மலைக்குப் போனேன். வழியெல்லாம் மஞ்சள் பூ. பாதி மலையில் ஒரு பாறை மேல் நின்று படம் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். அதற்கு மேல் சிக்னல் இல்லை. சாயந்தரம் ஸ்டேஷனுக்கு இறங்கி வந்தபோது போன் நிற்காமல் அதிர்ந்தது. சித்தப்பா மகனிடமிருந்து வந்த அழைப்புகள். எடுத்ததும் அவன் அழுதான். மதியச் சாப்பாடு முடிந்து பெட்டி தூக்கப் போன இடத்தில் நீ உட்கார்ந்தாயாம். உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டாயாம். பழப்பெட்டி ஏற்றும் ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்டர் ஆள், “ஏற்கெனவே நெஞ்சு வலி இருந்த ஆளு” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். இருந்ததா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வெயிலில் உன்னை வைத்திருக்க முடியாது என்றார்கள். நான் விமானம் தேடிக்கொண்டிருந்தபோதே அடக்கம் நடந்தது. சித்தப்பா மகன் போனில் காட்டினான். கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தான். நான் பார்த்ததெல்லாம் வானம், பறை அடிப்பவர்களின் தலைகள், ஒரு புளியமரக் கிளை. உன் முகம் ஒரே ஒரு தடவை வந்து போனது.

காரியத்துக்கு முன்னால் வெதுருகுப்பத்தில் பஸ் இறங்கி, நம் காலனிக்கு நடந்து வந்தேன். வாசலில் அத்தை என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. அழுகை முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது: “அப்பனுக்கு உசுரு போற நேரத்துல இவ மலமேல ஏறி போட்டோ புடிச்சிக்கினு இருந்தா. செல்லுல நாங்களே பாத்தோம்.” யாரும் மறுக்கவில்லை. நான் என்ன சொல்வது? அது நடந்ததுதானே.

அதன் பிறகு வந்தவர்களெல்லாம் என் பக்கம் அப்படித்தான் பார்த்தார்கள். மீதி இருக்கும் இரண்டு மாதத்துக்கு நான் திரும்பப் போகக் கூடாது என்று சித்தப்பாவும் அத்தையும் முடிவு செய்துவிட்டார்கள். “வேலைக்கின்னா போறா? ஊரு சுத்தத்தான போறா” என்று அத்தை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் போக மனமில்லை என்பதுதான் உண்மை. இனி எந்த மலையைப் பார்த்தாலும் அந்த வார்த்தை காதில் விழும் என்று தெரிந்தது. பயிற்சியை விட்டுவிட்டால் இரண்டு வருஷம் படித்தது வீண். போனால் ஊர் சுற்றப் போனவள். இதில் எதைத் தேர்ந்தெடுக்க?

காரியத்தன்று உன்னோடு பெட்டி தூக்குகிற ஆட்கள் வந்தார்கள். யூனிட்டில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். குளித்தும் அந்த வாடை போகவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே ஒரு ஓரமாக உட்கார்ந்தார்கள். முனுசாமி மாமாதான் என்னைக் கூப்பிட்டார். மாங்காய்ப் பால் பட்டு வெந்த அந்தக் கைகளால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மலைய எங்களுக்கு காட்டினான்மா” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“மத்தியானம் துன்னுட்டு செல்ல எடுத்தான். நீ போட்ட போட்டோ. ‘பாருங்கடா, எம்பொண்ணு எங்க நிக்கறா பாருங்க’ன்னு ஒவ்வொருத்தன் மூஞ்சிலயும் காட்டினான். மேஸ்திரி கூப்புட்டப்பால தான் செல்ல உள்ள வச்சான். அப்பறந்தான் பெட்டி தூக்கப் போனான்.”

அத்தை அங்கேதான் நின்றிருந்தது. முனுசாமி மாமா அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் பந்தலில் பேச்சு நின்றுவிட்டது.

இன்னொருவர், இளவயசுக்காரர், சூழ்நிலையை மாற்றுவதற்காகவோ என்னவோ கேட்டார்: “அக்கா, அந்தக் கொரங்கு அப்பால புளியோதரைய திருப்பிக் குடுத்துச்சா இல்லியா? அண்ணன் கடசி வரைக்கும் சொல்லவே இல்ல.”

“எந்தக் கொரங்கு?”

“அதான், அருவிகிட்ட. நீ கட்டிக்கினு போன புளியோதரைய கவரோட புடுங்கிக்கினு மரத்துமேல போச்சே.”

“ஜெர்மனில ஏதுடா புளியோதர?” என்றார் மற்றொருவர்.

“நானும் அதத்தான் கேட்டேன். ‘எம்பொண்ணு எங்க போனாலும் கட்டிக்கினு போவா, உனக்கு இன்னாடா’ன்னுட்டாரு.”

“கோட்டைய சொல்லுடா” என்றார் முனுசாமி மாமா. “சுத்தி தண்ணி, உள்ளாற போலீஸ்காரனுங்க ட்ரெயினிங் எடுத்துக்கினு இருந்தானுங்களாமே. உன்னய கூட யாருன்னு கேட்டு, இந்தியான்னு சொன்னதும் சல்யூட் அடிச்சானுங்களாம்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது, நைனா. என்னைக் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்த அன்றைக்கு, பெட்டியை வைத்துவிட்டு, திரும்ப பஸ் பிடிக்க நேரம் இருக்கிறதென்று நீ என்னைக் கபில தீர்த்தத்துக்கு அழைத்துப் போனாய். நல்ல மழைக்காலம், அருவி கொட்டியது. உன் கையிலிருந்த புளியோதரைப் பொட்டலத்தைத்தான் குரங்கு பிடுங்கியது. அகழி சுற்றிய கோட்டை வேலூர்க் கோட்டை. இந்த அத்தையை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நீ வெளியே போய்ப் பார்த்தது. நான் எங்கேயும் போகவில்லை என்று சொன்ன வாரங்களில், நீ பார்த்திருந்த ஊர்களுக்கு என்னை அனுப்பி வைத்திருக்கிறாய். திங்கட்கிழமை மதியம் அவர்கள் கேட்பார்கள். உன்னால் வெறுங்கையோடு போக முடியவில்லை.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அம்மா கதவோரம் நின்றிருந்தது.

“குடுக்கல” என்றேன். “மரத்துமேல குந்திக்கினு மொத்தத்தையும் துன்னுடுச்சி. வெறும் கவரத்தான் கீழ போட்டுச்சி.”

சிரித்தார்கள். கருமாதிப் பந்தலில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். முனுசாமி மாமா சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று. “தெரியாம இன்னா. நீ போவலன்னு சொன்னா ஒங்க நைனா எனக்கு போன் போட்டு, ‘நாளைக்கு இன்னாடி சொல்றது அவனுங்களுக்கு’ன்னு கேப்பாரு. நான் நகரிய வுட்டு வேற எங்க போனேன், சொல்றதுக்கு” என்றது. பிறகு, என்னைப் பார்க்காமலே, “போயி மீதி நாள முடிச்சிக்கினு வா. ஞாயித்துக்கெழமையானா ரூம்ல குந்திக்கினு அழுதுக்கினு இருக்காத” என்றது. அத்தை வாயைத் திறந்தது. அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

போனேன். ஆனால் முதல் இரண்டு ஞாயிறும் அம்மா வேண்டாமென்று சொன்னதைத்தான் செய்தேன். திங்கட்கிழமை நான் மிஷின் பக்கம் நின்றிருந்தபோது முனுசாமி மாமா போனில் கூப்பிட்டார். அங்கே சாப்பாட்டு நேரம். பின்னால் டிராக்டர் சத்தம்.

“எங்கம்மா போன?”

“எங்கயும் போவல மாமா.”

“செரி” என்றார். உன் குரல் இறங்கும் அதே இடத்தில் அவர் குரலும் இறங்கியது. “நாங்க சும்மாத்தான் குந்திக்கினு இருக்கறோம். அதான் கேட்டேன்.”

அடுத்த சனிக்கிழமை காலை ரயில் ஏறினேன். எங்கே போகிறேன் என்று முடிவு செய்யாமல்தான் ஏறினேன். ஓர் ஊரில் இறங்கி நடந்தேன். நடக்கும்போது அழுதேன், அழுதுகொண்டே பார்த்தேன். ஆடு எப்படி இருக்கிறது, மாட்டுக்கு மணி கட்டியிருக்கிறார்களா, என்ன பயிர் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். பயிற்சி முடியும் வரை ஒரு வாரமும் விடவில்லை. துக்கம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். அது என்னோடு ரயிலில் வந்தது, அவ்வளவுதான்.

இப்போது திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு பாக்டரியில் வேலை. திருச்சானூரில் மூன்று பெண்களோடு ஓர் அறை. இங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு, அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். போன மாதம் சூப்பர்வைசர் வந்து, “ஆதிவாரம் ரா அம்மா, லோடு உந்தி” என்றார். லோடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டுமாம். முடியாது என்றேன்.

“வீட்டில் விசேஷமா?” என்று தெலுங்கில் கேட்டார்.

“இல்ல.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்குது.”

“பிறகு எதற்கு லீவு?”

“சும்மா சுத்தறதுக்கு சார்.”

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நம்மை மாதிரி ஆட்கள் சாவு, சீக்கு, கோயில் என்று ஏதாவது காரணம் சொல்லி, தலையைச் சொறிந்துகொண்டுதான் லீவு கேட்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். காரணமே இல்லாமல் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் சொன்னேன். நேராகத்தான் சொன்னேன், நைனா, முழுங்கவில்லை. அவர் எதையோ முனகிக்கொண்டே போனார். இந்த வேலை எத்தனை நாள் தங்கும் என்று தெரியாது.

அந்த ஞாயிறு காலை சந்திரகிரி போனேன். கோட்டை மேல் ஏறினேன். வெயில் தலையைப் பிளந்தது. இறங்கி வந்து ஒரு மர நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியம் முனுசாமி மாமாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தார். டப்பாக்களை மூடும் சத்தம் கேட்டது, பிறகு எல்லோரும் அமைதியானார்கள். நான் கோட்டையைச் சொன்னேன், படிகளைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன். சீக்கிரமே முடிந்துவிட்டது.

அவ்வளவுதானா என்று அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள்.

“உங்க நைனா இன்னும் நல்லா சொல்லுவான்மா” என்றார் முனுசாமி மாமா.

“தெரியும் மாமா” என்றேன். “அடுத்த வாரம் பாக்கறேன்.”